டெல்டா காரின் ஒயரிங்: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம், இன்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. வாசலில் நிற்கும் நாலு பேரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: பேட்டரி போச்சு. புது பேட்டரி வாங்கிப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடியும் அதே ‘டக்’. அந்தக் கொஞ்ச நாள் ஓடியதும் பெரும்பாலும் புது பேட்டரியால் அல்ல. மாற்றும்போது பேட்டரி முனையைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றி மாட்டியதில் அது கொஞ்சம் சுத்தமாகியிருக்கும், அவ்வளவுதான்.

காவிரி டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துக் கார்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஒரு காரணம். வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் உப்பளம் வரை வீசும் உப்புக்காற்று இன்னொன்று. அறுவடை முடிந்ததும் வயலை விட்டு வீட்டுக்கு வரும் எலிகள் வேறு. இவற்றோடு, பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்கப்படும் கார். இவை பெரும்பாலும் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ நேரடியாகக் கெடுப்பதில்லை. இணைப்புகளைக் கெடுக்கின்றன, அதிலும் முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் இன்ஜின், பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பை. அதனால் பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் இணைப்பை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

வேண்டிய சாமான் குறைவு. ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். அதில் 20 வோல்ட் டிசி, 200 மில்லிவோல்ட், 10 ஆம்பியர் ஆகிய மூன்றும் இருக்கட்டும். இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த 3 மீட்டர் ஒயர் ஒன்று. இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டரில் இரண்டு ஒயர் இழுத்துவிட்டது. 10 மி.மீ. ஸ்பானர், கம்பி பிரஷ், உப்புத்தாள், வேஸ்லின். ஃபியூஸ் ஒரு செட். நிறத்தை மனப்பாடம் செய்துகொண்டால் இருட்டிலும் சிரமமில்லை: பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர்.

கைவைக்கும் முன் சில விதிகள். மோதிரம், கைச்செயின் கழற்றிவிடுங்கள். ஸ்பானரோ மோதிரமோ பிளஸ்ஸையும் பாடியையும் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் முனை) ஏர்பேக்குடையது. அதில் மீட்டரும் வைக்கக்கூடாது, டெஸ்ட் பல்பும் வைக்கக்கூடாது. ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் இருந்தால் அது ஹைப்ரிட் அல்லது எலக்ட்ரிக் கார். அந்தப் பக்கமே போகவேண்டாம். மீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியிருக்கும்போது பேட்டரியில் வோல்ட் அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட்டு. ஆம்பியர் அளந்து முடித்ததும் ஒயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் சாவியைப் போடுவதற்கு முன்பே பானெட்டைத் திறந்து அளக்க முடிந்தால் நல்லது. 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 முக்கால்வாசி, 12.2 பாதி, 12.0 கால்வாசி. 11.8க்கு வந்துவிட்டால் காலி. இப்போதுதான் ஓட்டி நிறுத்தினீர்கள் என்றால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளங்கள். மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதை ஊற்றினால் தட்டுகள் சீக்கிரமே வீணாகும்.

அடுத்து, சாவியைத் திருப்பும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டு, 5 நொடி செல்ஃப் அடிக்கட்டும். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். மீட்டர் 10 வோல்ட்டுக்கு மேலே நின்று இன்ஜின் நன்றாகச் சுற்றினால் பேட்டரி மேல் குற்றமில்லை. 9.6க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே என்றால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மூன்றாவது நிலையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: ‘டக்’ என்று கேட்கிறது, ஆனால் மீட்டர் 12.3ஐ விட்டு அசையவே இல்லை. பேட்டரி காலியாக இருந்தால் வோல்ட் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை என்றால் மின்சாரம் ஓடவே இல்லை. வழியில் எங்கோ அடைப்பு. இந்த நிலையில் புது பேட்டரி வாங்குவது வீண் செலவு.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, நடுவில் வாய்க்கால் தூர்ந்திருக்கலாம். வோல்டேஜ் டிராப் சோதனை என்பது தூர்ந்த இடத்தைத் தேடுவதுதான். இணைப்பின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்து, மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். மோசமான இணைப்பு எத்தனை வோல்ட்டை விழுங்குகிறதோ அத்தனையும் மீட்டரில் தெரியும்.

எர்த் பக்கம்: மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸின் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் அல்ல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் சிவப்பு முனையை ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு நகர்த்துங்கள்: இன்ஜினில் இருக்கும் எர்த் போல்ட், கேபிள் லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்), பிறகு பேட்டரி கிளாம்பு. எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் துரு. இதேபோல மைனஸ் குமிழுக்கும் பாடிக்கும் நடுவில் ஒருமுறை அளந்துவிடுங்கள். பிளஸ் பக்கத்தில் பேட்டரி குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

‘ஓம் வைத்துப் பார்த்தேன், பீப் வந்தது, எர்த் நல்லாத்தான் இருக்கு’ என்று பட்டறைகளில் சொல்வதை நம்பாதீர்கள். கேபிளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அது அனுப்பும் மின்சாரம் மிகச் சொற்பம். சிறிய பெட்ரோல் கார் செல்ஃப் மோட்டாரே 100 முதல் 200 ஆம்பியர் இழுக்கும். 0.01 ஓம் என்ற அற்பத் தடை 150 ஆம்பியரில் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மீட்டரின் ஒயருக்கே 0.2 ஓம் இருக்கும்போது 0.01ஐ அது எங்கே காட்டப்போகிறது? சுமை ஓடும்போது வோல்ட் அளப்பது ஒன்றே வழி.

இரண்டு பக்கமும் சரி, ஆனாலும் ‘டக்’ மட்டும்தான், அல்லது அந்தச் சத்தமும் இல்லை என்றால், செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பாருங்கள். சாவி திருப்பும்போது அதில் 10 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். வந்தும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரில் இருக்கும் சோலனாய்டோ கார்பன் பிரஷ்ஷோ போயிருக்கிறது. வராவிட்டால் சாவி சுவிட்ச், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல் சுவிட்சும் அந்த வரிசையில் சேரும்.

எர்த்தைச் சரிசெய்வது அரைமணி நேர வேலை. ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். போல்ட்டைக் கழற்றாமல் மேலே மட்டும் பிரஷ் போடுவதில் பயனில்லை, துரு லக்குக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிறது. கழற்றி, இரண்டு பக்கமும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை உப்புத்தாள் தேயுங்கள். பாடியில் பெயின்ட் இருந்தால் லக் உட்காரும் வட்டத்தை மட்டும் சுரண்டுங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு வெளியே வேஸ்லின் பூசுங்கள். முதலிலேயே கிரீஸ் அப்பிவிட்டு மாட்டுவது தலைகீழ் வேலை. பேட்டரி டெர்மினல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பொங்கிக் கரையும். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். லக்குக்குள் போகும் கேபிளின் செம்பு கறுத்திருந்தால் தேய்த்துப் பலனில்லை, கேபிளையே மாற்றுங்கள். கடலோரக் கார்களில் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 16 சதுர மி.மீ. செம்புக் கேபிள் ஒன்று கூடுதலாகப் போட்டுவிடுவது நல்ல பழக்கம். டீசல் என்றால் 25.

எர்த் போனதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? அந்த விளக்குத் தொகுதியின் எர்த் போயிருக்கிறது. திரும்பிப்போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சூடாகிறதா? இன்ஜின் எர்த் அறுந்து, அந்தக் கேபிள் வழியாக மின்சாரம் திரும்புகிறது. விட்டுவிட்டால் கேபிள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஹெட்லைட் விஷயத்தில் இங்கே பணம் நிறைய வீணாகிறது. அறுவடைக் காலத்தில் பின்விளக்கில்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகும் டிராக்டர் ராத்திரியில் தெரியவில்லை என்று 100/90 வாட் பல்பு வாங்கிப் போடுகிறார்கள். கம்பெனி ஒயரிங் 60/55 வாட் எச்4 பல்புக்கானது. பல்புக்கு ஐந்து ஆம்பியர்தான் கணக்கு. 100 வாட் என்றால் ஒவ்வொன்றும் 8 ஆம்பியருக்கு மேல். முதலில் பல்பு கப்ளர் பழுப்பாகும், பிறகு உருகும், கடைசியில் சுவிட்சும் போகும். அதற்குப் பதிலாக விளக்கு எரியும்போது பல்பின் கப்ளரிலேயே வோல்ட் அளங்கள். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.0, பல்பில் 12.6 என்றால் உங்கள் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒயரில்தான் போகிறது. எர்த்தைச் சுத்தம் செய்து, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால் பழைய 60/55 பல்பே வேறு பல்பு மாதிரி எரியும். ரிலேயில் 30 என்ற காலுக்கு பேட்டரி, 87க்கு பல்பு, 86க்குப் பழைய ஹெட்லைட் ஒயர், 85க்கு எர்த். ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும் கார்களும் உண்டு, ஒயரை வெட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிலேயே சந்தேகம் என்றால், கால் அமைப்பும் எண்ணும் ஒன்றாக இருக்கும் ஹாரன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிது.

சார்ஜிங்குக்கு, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியை நிறைக்கும் ஆல்டர்னேட்டருக்கு (பட்டறையில் டைனமோ என்பார்கள்) வருவோம். இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் ஓட, பேட்டரியில் 13.8 முதல் 14.7 வோல்ட். ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழே வரக்கூடாது. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். புதுக் கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் கொஞ்ச நேரம் 12.8 காட்டினால் பயப்பட வேண்டாம், விளக்குகளைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். மீட்டரை மாறுமின்சார (ஏசி) வோல்ட்டுக்கு மாற்றி அளந்தால் 0.5க்கு மேல் வரக்கூடாது; வந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு போயிருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் 0.3க்கு மேல் என்றால் ஆல்டர்னேட்டர் நல்லது, கேபிள்தான் மோசம்.

‘டைனமோ வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிற வழக்கம் இன்னும் சாகவில்லை. பழைய அம்பாசடர் காலத்தில் தப்பித்திருக்கலாம். இன்றைய காரில் அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறி இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம்மைக் கொன்றுவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

போர்ட்டிகோவிலேயே நிற்கும் காரின் தொல்லை வேறு. எல்லாம் அணைத்த பிறகும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர்கள் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இழுப்பது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் என்றால் வாரத்துக்கு 8.4 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதி இறங்கிவிடும். பிறகு அதில் ஜிபிஎஸ், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர் என்று மாட்டி 400 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐந்து நாளுக்குள் முழுக்கக் காலி. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் 15 ஆம்பியர் வீதம் ஏறினாலும் 2.5 ஆம்பியர்-மணிதான். கணக்கு இடிக்கிறது பாருங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஒரு நடை, சுமார் 40 கிலோமீட்டர், ஓட்டினால் ஓரளவு ஈடாகும். ஓட்ட ஆளில்லை என்றால் மைனஸைக் கழற்றி வையுங்கள், அல்லது தானாகவே 13.6 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும் சார்ஜரை மாட்டிவிடுங்கள்.

இப்படி நிற்கும்போதே இழுக்கப்படும் கசிவை அளக்க, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் தொடராக இணையுங்கள். கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் வைத்துவிட்டு, சாவியை எட்டவைத்து, அரைமணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டு முதல் நிமிடத்திலேயே 2 ஆம்பியரைப் பார்த்துவிட்டு ஒயரிங்கைப் பிரிப்பவர்கள் அதிகம். மீட்டர் தொடரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளவு அதிகம் என்றால் ஃபியூஸ்களைப் பிடுங்காதீர்கள், திரும்பச் செருகும்போது கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். மீட்டர் ஒயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்ற வேண்டியிருப்பதால் இதற்கு இன்னொரு மீட்டர் இருந்தால் சௌகரியம். அதை 200 மில்லிவோல்ட்டில் போட்டு, ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் முனைகளை வையுங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் எதுவும் ஓடவில்லை. எண் காட்டும் ஃபியூஸ் எந்தச் சாதனத்துக்கானது என்று மூடியில் பாருங்கள்.

ஃபியூஸ் போட்டுப் போட்டு எரிகிறது என்றால் பெரிய ஃபியூஸ் போடுவதோ, சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள் சுற்றுவதோ காரையே கொளுத்தும் வழி. ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்த 21 வாட் பல்பின் இரண்டு ஒயரையும் மாட்டுங்கள். ஷார்ட்டு இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும்; இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எதுவும் எரியாது. அந்தச் சுற்றின் சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர் கட்டை அங்கங்கே அசையுங்கள். பல்பு சட்டென்று மங்கும் இடத்தில் குற்றம். டிக்கிக் கதவு மடங்கும் இடத்து ரப்பர் குழாயும் ஓட்டுநர் கதவு ரப்பரும் முதலில் பார்க்க வேண்டியவை.

எலிக்கு வருவோம். குறுவை முடியும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா அறுவடையாகும் தை, மாசியிலும் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சு மூன்றும் அதற்குப் பிடித்த இடங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கார் நிற்க வேண்டாம். மண்ணெண்ணெய் தடவுவது ரப்பரை ஊதவைத்துத் தீயையும் அழைக்கும். கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் அதே இடம் பச்சை பூக்கும். இன்சுலேஷனைச் சீவி, பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டுங்கள். ஈரம் உறைக்குள்ளேயே வெகுதூரம் ஏறியிருக்கும். அதே தடிமன் ஒயர்த் துண்டு சேர்த்து, சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவைச் சூடாக்கி ஒட்டுங்கள். பல ஒயர் அறுந்திருந்தால் இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாக இருக்கட்டும். இரண்டு ஒயர் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால் அது பெரும்பாலும் கேன் லைன், காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வழி. முறுக்கை அவிழ்க்காமல் ஒட்டுங்கள். ஒட்டியபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் (கோளாறு படிக்கும் கருவியைச் செருகும் இடம்) 6, 14 கால்களுக்கு நடுவில் ஓம் அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 வர வேண்டும். 120 என்றால் லைன் இன்னும் எங்கோ அறுந்திருக்கிறது.

கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள், முதல் வேலையாக மைனஸைக் கழற்றுங்கள். ஈரமும் வோல்ட்டும் சேர்ந்து இருக்கும்போதுதான் கப்ளர் கால்கள் சீக்கிரம் அரித்துப்போகும். தரைக் கார்பெட்டைத் தூக்கி அடிப்பஞ்சைக் காயவையுங்கள். அதற்குக் கீழேதான் ஒயர் கட்டு ஓடுகிறது. கப்ளர்களை நல்ல தண்ணீரில் அலசி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

ஓபிடி ரீடர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. யு (U) என்று தொடங்கும் கோளாறுக் குறியீடுகள் கூட்டமாக வந்து, நடுவில் பி0562 (P0562) இருந்தால், அது வோல்ட் குறைவு என்ற புகார். பேட்டரியை நிறைத்து, எர்த்தைச் சுத்தம் செய்து, குறியீடுகளை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருவதை மட்டும் தேடினால் போதும்.

ஏர்பேக், ஏபிஎஸ், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர், பவர் ஸ்டீயரிங் விளக்கு அணையாவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும். போகும்போது ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: நின்றபோது எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கையில் எத்தனை, எர்த் டிராப் எத்தனை, சார்ஜிங் எத்தனை, கசிவு எத்தனை மில்லி ஆம்பியர், எந்த ஃபியூஸ். பாகத்தை மாற்றினால் பழையதைக் கையில் வாங்கி, அதே இடங்களில் மறுபடி அளந்துவிட்டுக் காசு கொடுங்கள்.